கேட்டால் கெட்டுப் போவார்களா?

‘‘சார், நீங்கதான் அவகிட்ட நாலு வார்த்தை எடுத்துச் சொல்லணும். எழுதறவர் சொன்னா கேட்பா. எங்க பேச்சு எடுபடலை. பொண்ணு கெட்டுப் போயிட்டா சார்!’’

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடுவாஞ்சேரியிலிருந்து நண்பர் வந்திருந்தார். பதினைந்து வருடப் பழக்கம். தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் வாயிலிருந்து ‘கெட்டுப் போயிட்டா’ என்று வந்ததும் எனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

‘‘என்ன ஆச்சு? அரியர்ஸா?’’

‘‘அதெல்லாம் இல்லை. மார்க் நல்லாத்தான் வாங்கறா.’’

‘‘காதலா?’’

‘‘அப்படி இருந்தாக்கூட உட்கார்ந்து பேசலாமே சார். இது வேற. பூனா போகணுமாம்! கச்சேரி கேட்க!’’

கதை இதுதான். பெண் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம். எட்டு வயதிலிருந்து வயலின் கற்கிறாள். போன ஜனவரியில் கல்லூரித் தோழிகள் இரண்டு பேரோடு திருவையாறு ஆராதனைக்குப் போனாள். அங்கே பஞ்சரத்னம் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த, புனேவிலிருந்து வந்த ரிட்டயர்டு டீச்சர் அம்மா ஒருவரோடு பழக்கமாகிவிட்டது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு மராத்தி தெரியாது. அரைகுறை இங்கிலீஷிலும் முழு சங்கீதத்திலும் பேசிக்கொண்டார்கள். ‘டிசம்பர்ல எங்க ஊர்ல சவாய் கந்தர்வ விழா நடக்கும், வாடி குழந்தே, எங்க வீட்டிலேயே தங்கிக்கலாம்’ என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். இவளும் கிளம்பத் தயார். அதே இரண்டு தோழிகளோடு. சென்னையிலிருந்து பம்பாய் போகிற ரயிலில் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம்.

‘‘நீங்களே சொல்லுங்க சார். முன்னப்பின்ன தெரியாத ஊர், தெரியாத ஜனங்க. இதுக்காகவா வயலின் கத்துக் கொடுத்தேன்?’’

புத்தி சொல்ல நானும் கிளம்பிப் போனேன். அதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய கடைசிக் கேள்வியை உங்கள் முன்னால் வைக்கிறேன். இதுக்காகவா கத்துக் கொடுத்தேன்? சரி, வேறு எதற்காக?

கொஞ்சம் மனசாட்சியோடு யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்க வீடுகளில் குழந்தைக்குப் பாட்டு எதற்காகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது? நவராத்திரி கொலுவுக்கு வருகிற மாமிகள் முன்னால் ஒரு பாட்டு. ஸ்கூல் ஆண்டு விழாவில் ஒரு பாட்டு, அதை போனில் வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட. கிரேடு எக்ஸாம் எழுதி வாங்கிய சர்ட்டிபிகேட், ஒரு ஃபைலில். அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் டீச்சருக்கு ஒரு போன். ‘‘பத்தாவது வருது மேடம். கிளாஸை நிறுத்திக்கறோம்.’’ அந்த டீச்சரும் ஆச்சரியப்பட மாட்டார். வருடா வருடம் ஏப்ரலில் அவருக்கு இப்படி ஏழெட்டு போன் வரும்.

எட்டு வருடம் ஒரு குழந்தையின் காதைத் திறந்து வைக்கிறோம். சுருதி சேருவது என்றால் என்ன என்று அதற்குப் புரிய ஆரம்பிக்கிற வயதில், ‘போதும், மூடு’ என்கிறோம். நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இனி பயணத்துக்கு வாருங்கள். நாம் ஊருக்கே போகாதவர்கள் இல்லை. நன்றாகப் போகிறோம். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில். வேனில் ஏறும்போதே புளியோதரை, தயிர்சாதம், குடிக்கத் தண்ணீர், நம் வீட்டு ஆட்கள். வழியில் ஒரு மனிதரோடு பேச வேண்டிய அவசியம் வராது. வாசலில் நாகஸ்வரம் வாசிக்கிறவர் யார், என்ன ராகம் வாசித்தார் என்று கேட்க நேரம் இருக்காது. ‘அடுத்த கோயில் நடை சாத்திடுவாங்க, ஏறு, ஏறு!’ கல்லூரியில் இருந்தால் ஐ.வி. என்று ஒன்று உண்டு. ஒரு தொழிற்சாலை வாசலில் குரூப் போட்டோ, மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸில் சினிமாப் பாட்டு. இதற்கெல்லாம் நாம் கேட்காமலே பணம் கொடுக்கிறோம். காரணம் எளிது. போன பிள்ளை போன மாதிரியே திரும்பி வந்துவிடும். புதிதாக ஒரு ஆள், ஒரு ருசி, ஒரு கேள்வி அதன் கூடவே வீட்டுக்குள் நுழையாது.

மூன்றாவது, மனிதர்கள். இதுதான் பெரிய வேடிக்கை. எல்லாக் கல்லூரியிலும் இப்போது ‘நெட்வொர்க்கிங்’ பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து, முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கை குலுக்குவது, கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். அதே கல்லூரியில் பையனும் பெண்ணும் வராந்தாவில் நின்று பேசினால் அப்பாவைக் கூப்பிட்டு வரச் சொல்வார்கள். பஸ்ஸில் பெண்களுக்கு முன் பக்கம், பையன்களுக்குப் பின் பக்கம். ஹாஸ்டலில் பெண்களுக்கு சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டு. நான்கு வருடம் வாயைக் கட்டிவிட்டு, கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் ‘கம்யூனிகேஷன் ஸ்கில் பத்தலை’ என்று பிள்ளையைக் குறை சொல்வோம்.

வேலைக்காகப் பழகினால் அதற்குப் பெயர் நெட்வொர்க்கிங். மனசுக்காகப் பழகினால் அதற்குப் பெயர் ஊர் சுற்றுதல். இதுதானே நம் அகராதி?

*

‘நம்ம கலாசாரம் சார்’ என்று ஒரு வார்த்தை வரும். நண்பரும் சொன்னார். அந்தக் கலாசாரம் எப்படி உண்டானது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

திருவாரூரில் 1775-ல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், இளம் வயதிலேயே சிதம்பரநாத யோகியோடு கிளம்பிக் காசிக்குப் போனார். ரயில் கிடையாது, போன் கிடையாது. வருடக் கணக்கில் அங்கே தங்கினார். புளியோதரை கட்டிக்கொண்டு போய் கங்கையில் மூழ்கிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பவில்லை. வடக்கத்தி சங்கீதத்தைக் காதாரக் கேட்டார். அவருடைய கீர்த்தனைகளில் அந்த வாசனை இன்றைக்கும் அடிப்பதாக வித்வான்கள் சொல்கிறார்கள். அந்தக் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாண்டு மெட்டுகள் காதில் விழுந்தன. காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரம் என்று உங்கள் வீட்டுக் குழந்தை முதல் வருடத்தில் பாடுகிறதே, அதுதான்.

அவருடைய தம்பி பாலுசுவாமி இன்னும் ஒரு படி மேலே. ஒரு ஐரோப்பியரிடம் போய் வயலின் கற்றுக்கொண்டார். அந்நியர், அந்நிய வாத்தியம், அந்நிய பாஷை. இன்றைக்கு வயலின் இல்லாத கர்னாடகக் கச்சேரி மேடை உண்டா? அன்றைக்கு யாராவது பெரியவர் ‘முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட என்னடா சகவாசம்?’ என்று அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால், என் நண்பரின் பெண் கையில் இன்றைக்கு வயலினே இருந்திருக்காது.

நாகஸ்வரத்துக்கு வாருங்கள். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். அங்கே ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எத்தனை பெரிய வித்வான்! அவர் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து பேசி, மத்திமம் சுத்தமாகப் பேசுகிற பாரி நாகஸ்வரம் உருவாக வழி செய்தார். வாசிக்கிறவரும் மரம் கடைகிறவரும் ஒருவரை ஒருவர் தேடிப் போய்ப் பேசியதால் கிடைத்தது அது.

இன்னொரு ஆள். கர்நாடகத்தில் கதக் என்கிற ஊரில் ஒரு பையன். 1922-ல் பிறந்தவன். ஒரு கடை வாசலில் அப்துல் கரீம் கான் பாடிய இசைத்தட்டைக் கேட்டுவிட்டான். அவ்வளவுதான், போதை ஏறிவிட்டது. 1933-ல், பதினோரு வயதில், வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிவிட்டான், குரு தேடி. கையில் காசில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் பாடிக் காட்டி, அப்படியே ரயில் மாறி ரயில் மாறி குவாலியர் வரை, பிறகு பஞ்சாபில் ஜலந்தர் வரை போனான். அங்கே வந்த பெரிய பாடகர் ஒருவர் சொன்னார்: ‘உங்க ஊர்ப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வர் இருக்கிறாரே, அவரிடம் போ.’ சவாய் கந்தர்வர் அதே அப்துல் கரீம் கானின் சீடர். பையன் திரும்பி வந்து அவரிடமே சேர்ந்தான். அந்தப் பையன் பெயர் பீம்சேன் ஜோஷி. 2008-ல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் கைதட்டினோம்.

உங்கள் மனசில் ஒரு கேள்வி வரும். குரு பக்கத்து ஊரில்தான் இருந்தார் என்றால், ஜலந்தர் வரை அலைந்தது வீண்தானே?

வீண் இல்லை. போனதால்தான் அந்த வார்த்தை கிடைத்தது. போன இடத்திலெல்லாம் ஒரு பாட்டு, ஒரு பாணி, ஒரு மனிதர் கிடைத்தார்கள். ஒரே கரானாவுக்குள் அடைந்து கிடக்காமல் பல இடத்து நல்லதையும் தன் பாட்டுக்குள் அவர் கொண்டுவந்தார் என்று பின்னால் எல்லோரும் பாராட்டினார்களே, அதற்கான விதை எங்கே விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? ரயிலில் விழுந்தது. 1953-லிருந்து புனேயில் குருவின் நினைவாக அவர் நடத்திய விழாதான், இந்தப் பெண் போக ஆசைப்படுகிற சவாய் கந்தர்வ விழா.

டிக்கெட் எடுக்காமல் போ, வீட்டை விட்டு ஓடிப் போ என்று நான் சொல்வதாக யாரும் கடிதம் எழுத வேண்டாம். பதினோரு வயதுக் குழந்தை ஓடித்தான் போக வேண்டும் என்கிற நிலைமையை வீடு உண்டாக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். இந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது. ஓட்டுப் போட்டாகிவிட்டது. நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்யலாம், புனே போகலாமா என்று முடிவு செய்யக் கூடாதா?

*

‘இதெல்லாம் பணம் இருக்கிறவங்களுக்கு சார்’ என்று சிலர் சொல்வார்கள். மதிக்க வேண்டிய வாதம். ஆனால் உண்மையைப் பாருங்கள். பீம்சேன் ஜோஷி கையில் காசோடு கிளம்பவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து ஒரு சிறுவன், அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு கம்யூனிஸ்ட் மேடைகளுக்காக ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனான். வழியில் கேட்ட பாட்டெல்லாம் காதில் சேர்ந்தது. பிறகு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றான். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. அவர் இளையராஜா என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அவர் வீட்டில் என்ன பணம் கொட்டியா கிடந்தது?

பணம் இல்லாதவர் பிள்ளைக்கு வழி அடைபட்டிருப்பது உண்மை. அதை அடைத்தது யார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கம்ப்யூட்டர் மாதிரியான பாடங்களுக்கு. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். ஒரு இசை ஆசிரியருக்கு நாம் போட்ட விலை! பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியபோது நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்? கணக்கு வாத்தியார் ஒரு மாதம் வரவில்லை என்றால் பெற்றோர் ஸ்கூலை முற்றுகையிடுகிறோம். பாட்டு வாத்தியாரே இல்லாத ஸ்கூலில் சத்தமில்லாமல் பிள்ளையைச் சேர்க்கிறோம். தனியார் பள்ளி மட்டும் என்ன வாழ்கிறது? டைம் டேபிளில் ‘மியூசிக்’ என்று இருக்கும். அந்த பீரியடில் கெமிஸ்ட்ரி நடக்கும்.

கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் நடத்துகிறது. 12 வயதிலிருந்து 25 வயது வரை யார் வேண்டுமானாலும் சேரலாம். குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள், மூன்று வருடம். உங்கள் ஊரில் ஒன்று இருக்கிறதா என்று தெரியுமா? பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த நீட் கோச்சிங் சென்டரின் ஃபீஸ் ஸ்ட்ரக்சர் மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் வெட்கம் வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தைப் படைப்பு நகரங்கள் வரிசையில், இசைக்காகவே சேர்த்தது. மார்கழியில் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளை நிறைய இடத்தில் காசில்லாமலே கேட்கலாம். மேடையில் இருபது வயதுப் பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். கீழே முப்பது பேர். அதில் முக்கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள். இரண்டு பேர் தூங்குவார்கள். அவளுடைய வயதுக்காரர்கள் எங்கே? அறையில், ஹெட்போனோடு.

இதைச் சொன்னால் உடனே, ‘ஆமா சார், இந்தக் காலத்துப் பசங்க எப்பப் பார்த்தாலும் போன்’ என்று ஆரம்பித்துவிடுவோம். நிறுத்துங்கள். போனை யார் கையில் கொடுத்தது? வெளியே போகாதே, யாரோடும் பேசாதே, வீட்டுக்குள்ளேயே இரு என்று சொன்னால், அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்? போனுக்குள்தான் போகும். போனைப் பார்த்தால் திட்டு. போனை வைத்துவிட்டு மனிதர்களைப் பார்க்கக் கிளம்பினாலும் திட்டு. அதுகள் என்னதான் செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்?

*

சரி, நண்பர் வீட்டுக்கு வருவோம்.

பெண் கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். இல்லை. ‘‘அப்பா உங்களைக் கூட்டிட்டு வந்துட்டாரா அங்கிள்?’’ என்று சிரித்தாள். உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்தாள். சாதாரண நீளக் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். ‘போன இடம்’, ‘கேட்டது’, ‘பார்த்தவங்க’.

திருவையாறு: பஞ்சரத்னம் ஐந்தும், புனே டீச்சரம்மா. ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா: ராத்திரி இரண்டு மணிக்கு மல்லாரி; நாணலில் சீவாளி எப்படிச் செய்வது என்று திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெரியவர். தாம்பரம் ரயில்: பார்வையில்லாத ஒருவர் வாசித்த புல்லாங்குழல், ‘எந்த ஸ்கேல் அண்ணா?’ என்று கேட்டதற்கு, ‘இருபது வருஷத்துல யாரும் கேட்டதில்லம்மா’ என்று அவர் சொன்ன பதில். இப்படியே நாற்பது பக்கம்.

நான் அந்த நோட்டைப் படித்துக்கொண்டே இருந்தேன். பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அதைவிட மோசமான ஒன்றும் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வீணை இருக்கிறது. என் பெண்ணுடையது. 2011-ல் அவள் பத்தாவது. ‘ஒரு வருஷம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று கிளாஸை நிறுத்தச் சொன்னது சாட்சாத் நான்தான். மைசூரில் ஒரு வாரக் கோடைப் பயிற்சிக்கு அவள் டீச்சர் கூட்டிப் போகிறேன் என்றார். ‘மைசூரா? தனியாவா?’ என்று கேட்டதும் நான்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பேப்பரைப் பார்த்து அந்தச் செய்தியைப் பெருமையாக உரக்கப் படித்தேன். அவள் இட்லியைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள். நல்ல சம்பளம். போன பொங்கலுக்கு வந்தபோது வீணையை இறக்கினோம். தந்தி துருப்பிடித்திருந்தது. மெட்டு பதித்த மெழுகு விரிசல் விட்டிருந்தது. விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, ‘மேலேயே வெச்சிடுப்பா’ என்றாள்.

பத்திரிகையில் பெண் விடுதலை பற்றி எழுதுகிறவன் வீட்டு லட்சணம் இது. அதனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நீதிபதி நாற்காலியில் உட்காருவதாக நினைக்காதீர்கள். கூண்டில் எனக்குத்தான் முதல் இடம்.

‘‘பையனா இருந்தா அனுப்பிடுவேன் சார். பொண்ணாச்சே!’’ என்றார் நண்பர். கடைசியில் எல்லா வாதமும் வந்து நிற்கிற இடம் இதுதான்.

பயம் நியாயமானது. இந்த நாட்டில் பெண்ணைப் பெற்றவனுக்கு வயிற்றில் நெருப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆபத்து தெருவில் இருக்கிறது என்றால், தெருவைச் சரி செய்யச் சொல்லிச் சண்டை போட வேண்டும். பெண்ணைப் பூட்டுவது சண்டையிலிருந்து தப்பிக்கிற வழி. 2021-ல் தமிழக அரசு, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. பஸ் இலவசமாகிவிட்டது. வீட்டு வாசல்படியைத் தாண்டத்தான் இன்னும் ஆயிரம் டிக்கெட் கேட்கிறோம்.

அந்தப் பெண் போய் உட்கார்ந்து பாடிய திருவையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதற்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தையெல்லாம் அதற்குக் கொட்டினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பி அழவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே தனியாக ஆராதனை நடத்தினார். வருடக் கணக்கில் போராடினார். 1940 வாக்கில்தான் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நடத்துகிற விழாவானது. ஊர் தாண்டிப் போய், உரிமை கேட்டு, ஆட்களைச் சேர்த்த ஒரு பெண் இல்லையென்றால், இன்றைக்கு டி.வி.யில் நாம் பார்த்துப் பரவசப்படுகிற அந்தக் காட்சியில் ஒரு புடவை கூட இருந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னேன். ‘‘உங்க வீட்டுல காலையில சுப்ரபாதம் போடறீங்களே, யார் குரல்?’’ ‘‘எம்.எஸ். அம்மா.’’ ‘‘அந்த அம்மா 1936-ல், இருபது வயசு வாக்குல, மதுரையிலிருந்து வீட்டுக்குத் தெரியாம ரயில் ஏறி மெட்ராஸ் வந்தவங்க. அப்போ அவங்க தெருவுல ‘பொண்ணு கெட்டுப் போச்சு’ன்னு எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க? உங்க பொண்ணு ஒளிஞ்சு போகலை சார். உங்ககிட்ட வந்து கேக்கறா. அதுக்கு சந்தோஷப்படுங்க.’’

நண்பர் பேசாமல் இருந்தார். கடைசியாக ஒன்று கேட்டேன். ‘‘நீங்க தினம் எந்த ட்ரெயின்ல ஆபீஸ் போறீங்க?’’

‘‘செங்கல்பட்டு லோக்கல். ஏன்?’’

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் நாலாவது ஸ்டேஷன் சிங்கப்பெருமாள்கோயில். பீம்சேன் ஜோஷி என்கிற சிறுவனை இசைத்தட்டில் பாடியே வீட்டை விட்டுக் கிளப்பிய அப்துல் கரீம் கான் இறந்தது அந்த ஸ்டேஷனில்தான். வடக்கே கைரானாவில் பிறந்தவர். மகாராஷ்டிரத்தில் மிரஜில் வாழ்ந்தவர். மைசூர் அரண்மனையில் பாடப் போனபோது கர்னாடக இசையைக் கேட்டு, அதை அக்கறையாகக் கற்றவர். தியாகராஜ கீர்த்தனையைப் பாடி இசைத்தட்டே கொடுத்தவர். இந்துஸ்தானிக்காரர், முஸ்லிம், தெலுங்குக் கீர்த்தனை! 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சுவலி. சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கினார். பிளாட்பாரத்தில் பிரார்த்தனை பாடியபடியே உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள். 64 வயதிலும் அவர் பயணத்தில்தான் இருந்தார். வேறு பாஷை, வேறு சங்கீதம், வேறு மனிதர்களைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தார்.

‘‘அந்த ஸ்டேஷன் வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன் சார். தெரியாதே!’’ என்றார் நண்பர்.

‘‘எனக்குத் தெரியும்ப்பா’’ என்றாள் பெண், மெதுவாக. நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். போன இடம்: சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன். கேட்டது என்கிற கட்டத்தில், ‘ட்ரெயின் சத்தம் மட்டும்’ என்று எழுதியிருந்தாள்.

வாசகர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இந்த மாதிரி ஒரு நோட்டை வைத்திருக்கலாம். தலையணைக்கு அடியில், போனில், மனசில். சேர்ந்து உட்கார்ந்து அதைப் படியுங்கள். பயமாக இருந்தால் முதல் தடவை கூடவே போங்கள். ஒரு கச்சேரிக்கோ, ஊர்த் திருவிழாவில் பறையாட்டத்துக்கோ, நாகஸ்வரம் கடைகிற பட்டறைக்கோ. அந்தப் பிள்ளை யாரோடு பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தடவை நீங்களே டிக்கெட் எடுத்துக் கொடுப்பீர்கள். மார்க் ஒரு பேப்பரில் வரும், அடுத்த செமஸ்டரில் மறுபடியும் வரும். பத்தொன்பது வயதில் காதும் காலும் மனசும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நாள் மட்டும் அரியர்ஸ் எழுதி வாங்க முடியாதது. எங்கள் வீட்டுப் பரணைக் கேட்டால் அது சொல்லும்.

நண்பர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ‘யோசிக்கறேன் சார்’ என்பதோடு சரி. நானும் வற்புறுத்தவில்லை.

மூன்று நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு போன்.

‘‘சார், ஒண்ணு கேக்கணும். டிசம்பர்ல பூனாவுல ரொம்பக் குளிருமா? ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?’’